வரி குறைகிறது, உதிரிபாகம் எங்கே?

திருமலை உண்டியலில் பணமும் நகையும் விழுவது தெரிந்ததுதான். கைக்கடிகாரமும் விழும். தேவஸ்தானம் அவற்றைச் சேர்த்து, லாட் லாட்டாகப் பிரித்து மின்-ஏலம் விடுகிறது. அறிவிப்பில் டைட்டன், கேசியோ, டைமெக்ஸ், சொனாட்டா என்று கம்பெனிப் பெயர்கள் வரும். புதியவை, பயன்படுத்தியவை, ஓரளவு பழுதானவை என்ற குறிப்பும் இருக்கும். சித்தூரில் வருமான வரிக்கணக்கு எழுதிப் பிழைக்கும் நான் அந்த அறிவிப்புகளை விடாமல் வாசிப்பவள். ஓரளவு பழுதானதை ஏலம் எடுப்பவருக்கு, அதை ஓட வைக்கத் தெரிந்த ஒரு கையும் வேண்டுமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

என் கிளையன்ட்களில் மாங்கூழ் ஆலைக்காரர்கள் உண்டு, திருப்பதியில் லாட்ஜ் நடத்துபவர்கள் உண்டு. இந்தப் பத்து வருடத்தில் அவர்கள் மணிக்கட்டு மாறிவிட்டது; விலையுயர்ந்த ஆட்டோமேட்டிக் வாட்ச் ஏறியிருக்கிறது. ரிட்டர்ன் கையெழுத்துப் போட வரும்போது சட்டைக் கையை இரண்டு மடிப்பு கூடுதலாகச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். பிறகு கேள்விகள். “வாட்சுக்குத் தேய்மானம் போடலாமா மேடம்?” கூடாது. “ரொக்கமாகக் கொடுத்தால்?” இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கத்தில் வாங்கக் கடைக்காரருக்கே சட்டம் இடம் தராது. பத்து லட்சத்தைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் வரியைக் கடையிலேயே பிடித்துக்கொண்டு, உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கிறார்கள். ஆக, நீங்கள் கட்டியிருப்பது என்ன வாட்ச் என்று உறவினருக்குத் தெரிவதற்கு முன் வருமான வரித்துறைக்குத் தெரிந்துவிடும்.

விலையைப் பற்றிய இந்த ஆர்வம் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் அதிகம். மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் ஜில்லா இது. அந்தப் பக்கம் கர்நாடகத்தில், நண்பர் கொடுத்த ஹூப்லோ கடிகாரம் பெரும் சர்ச்சையாகி, 2016-இல் முதல்வர் சித்தராமையா அதைச் சட்டப்பேரவைத் தலைவரிடம் ஒப்படைத்தார். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில், 2022 டிசம்பரில் அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலையின் ரஃபேல் கடிகாரத்துக்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். 2023 ஏப்ரலில் அவர் ரசீதை வெளியிட்டார். எங்கள் நாராவாரிப்பள்ளிக்காரரான சந்திரபாபு நாயுடு, கையில் வாட்சும் இல்லை, மோதிரமும் இல்லை என்று சொல்லியே பெயர் வாங்கியவர். 2022-இல் அவர் விரலில் மோதிரம் தெரிந்தபோது, அது உடல்நிலையை அளக்கும் சிப் வைத்தது என்று மேடையிலேயே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது! கட்டினாலும் கேள்வி, கட்டாவிட்டாலும் பேச்சு. ஆனால் இத்தனை கூச்சலிலும், அந்த வாட்ச் நின்றுபோனால் யார் திறந்து பார்ப்பார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

ஆட்டோமேட்டிக் வாட்சில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் கட்சி. பேட்டரி கிடையாது. கை அசையும்போது உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கிறது. கழற்றி வைத்தால் ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஓடி நின்றுவிடும் ரகமே அதிகம். திருப்பதிக் கிளையன்ட் ஒருவர் அது நிற்காமலிருக்க, சுழன்றுகொண்டே இருக்கும் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். பேட்டரியே வேண்டாத வாட்சுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் கரண்ட்! நேரம் காட்டுவதிலும் இது முதல்வன் இல்லை. சுவிஸ் சோதனையில் தேறிய உயர்ரகமே நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்தலாம், ஆறு விநாடி முந்தலாம். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதம் முழுக்கச் சேர்த்தே பதினைந்து விநாடிதான் பிசகும்.

இதெல்லாம் தெரிந்துதான் நானும் சில வருடங்களுக்கு முன் சென்னையில் சுவிஸ் வாட்ச் ஒன்று வாங்கினேன். வளையல் உரசிக் கீறல் விழுமென்று இடக்கை வளையல்களைக் கழற்றியபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. விநாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும் அழகுக்கு அந்தக் கோபம் தகும். அந்த வழுக்கலுக்குள் மணிக்கு 28,800 துடிப்பு இருக்கிறது. ஐந்து வருடத்தில் 126 கோடி. எண்ணெய் வற்றும், சக்கரத்தின் அச்சு தேயும். ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் கதை முடிந்தது.

அப்பாவிடம் எச்.எம்.டி. காஞ்சன் இருந்தது, அதுவும் ஆட்டோமேட்டிக்தான். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரத் தொழில் தொடங்கிய அரசு நிறுவனம் எச்.எம்.டி. காஞ்சன் அந்தக் காலத்து மாப்பிள்ளைச் சீர். கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. காஞ்சன் இன்னும் என் மேசையில் ஓடுகிறது. காரணம், பஜாரில் ஒரு சந்துக்குள் மூன்றடி அகலக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாய். பின்மூடியைத் திருகி, தகட்டைக் கழற்றி, சக்கரங்களை ஒரு பீங்கான் கிண்ணத்துப் பெட்ரோலில் போடுவார். ரப்பர் குமிழால் ஊதி உலர்த்துவார். ஊசி முனையில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு கல்லிலும் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தேய்ந்த பாகத்துக்குப் பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்றைக் கவிழ்ப்பார். செத்துப்போன எச்.எம்.டி.களின் உறுப்புகள் அதில் கிடக்கும்.

சுவிஸ் வாட்சையும் அவரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கி வெகுநேரம் பார்த்தார்.

“மெஷின் சோக்கா இருக்கும்மா. நான் தொடமாட்டேன்.”

“ஏன் பாய், தெரியாதா?”

“கழற்ற மாட்டத் தெரியும். ஒரு பார்ட் போச்சுன்னா நான் எங்க போவேன்? கம்பெனி எனக்குத் தராது.”

பிறகு கம்பெனி வழியில் போனேன். வாட்ச் வேறு ஊருக்குப் பயணப்பட்டது, மாதக்கணக்கில் தகவலில்லை, கடைசியில் வந்த மதிப்பீடு வாங்கிய விலையில் ஐந்திலொரு பங்கு. கேட்காத பாலிஷும் அதில் சேர்த்தி.

பாய் சொன்னது உலகம் முழுக்க உள்ள சங்கதி. பெரிய சுவிஸ் நிறுவனங்கள் உதிரிபாகங்களைத் தங்கள் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டும் தருகின்றன. ஐரோப்பாவின் கடிகாரப் பழுதுபார்ப்போர் கூட்டமைப்பு இதை எதிர்த்துப் புகார் செய்தது; ஐரோப்பிய ஆணையம் 2014-இல் அதைத் தள்ளியது, 2017-இல் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. போலிகளைத் தடுக்க வேண்டும், தரம் காக்க வேண்டும் என்பது கம்பெனிகளின் வாதம். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜெனீவாக்காரருக்குக் கம்பெனி சர்வீஸ் டிராமில் போகும் தூரம். சித்தூர்க்காரருக்கு அது கூரியர்.

இந்தியா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி சுவிஸ் வாட்ச் மீதான சுங்க வரி ஆண்டுதோறும் கரையும். வாட்ச் இன்னும் நிறைய வரும், திருப்பதிக்கும் வரும். நல்லது, வரட்டும். உழைத்துச் சம்பாதித்தவர் கட்டிக்கொள்வதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் சந்தையைத் திறந்துவிடும் அரசுக்குப் பதிலுக்கு ஒன்று கேட்கும் உரிமை உண்டு. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு போட்டபோது விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளைக் கையில் எடுத்தது. கைக்கடிகாரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பயிற்சியும் தேர்வும் வைத்துத் தேறியவருக்குப் பாகம் விற்கச் சொல்ல வேண்டும். பாய் தேர்வு எழுதத் தயார், கேட்டுவிட்டேன்.

அதுவரை என் கிளையன்ட்களிடம் சொல்வது இதுதான்: பில் போடும் முன், சர்வீஸுக்கு என்ன செலவு, எத்தனை நாள் ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். மாங்கூழ்க்காரர் ஒருவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். கடையில் காபி வரவழைத்துக் கொடுத்தார்களாம், ஒரு தொப்பியும் கொடுத்தார்களாம். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. மனிதர் வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்.