பாரசீகருக்கு எழுத்தறிவித்தோர்

பாரசீகப் பேரரசின் எழுச்சியை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கிரேக்கராகிய எரோதோத்தசின் வழிநின்றே எழுதுவர். மீதிய வேந்தன் அசுத்தியாகசு தன் மகள்வயிற்றுப் பேரனைக் கொல்லப் பணித்ததும், அம்மகவு இடையன் மனையில் வளர்ந்ததும், பின்னர்ப் பாட்டனையே வென்று அரசு கொண்டதும் கேட்டற்கினிய கதை. கம்சன் கதையை அறிந்தோர்க்கு அது புதிதுமன்று. அப்பேரனே தமிழ் விவிலியம் கோரேசு எனச் சுட்டும் சைரசு. ஆயினும் அக்கதையில் ஏலாமியருக்கு இடமில்லை. அஃது எமக்குப் பெருங் குறையாகத் தோன்றுகின்றது.

ஏலாம், பாரசீகருக்கு ஈராயிரம் ஆண்டு மூத்த நாடு. சூசாவும் அஞ்சானும் அதன் பெருநகரங்கள். கி. மு. 646 அளவில் அசீரிய மன்னன் அசூர்பனிபால் சூசாவைச் சூறையாடி, அந்நிலத்தில் உப்பு விதைத்ததாகத் தானே பெருமையுடன் எழுதிவைத்தான். அத்துடன் ஏலாமியர் கதை முடிந்ததெனப் பலர் ஏட்டை மூடிவிடுகின்றனர். முடிந்திலது. அஞ்சானைச் சூழ்ந்த மலைநாட்டிற் குடியேறிய பாரசீகர் அவரோடு கலந்து வாழ்ந்தனர். பாபிலோனில் 1879இல் அகழ்ந்தெடுத்த களிமண் உருளையிலே சைரசு தன் தந்தையையும் பாட்டனையும் அஞ்சான் நகர வேந்தரென்றே குறிக்கின்றான். பாரசீக வேந்தரென்று கூறினானல்லன்.

ஏலாமியம் திராவிட மொழிகளுக்கு உறவுடையதென மக்கால்பின் 1981இல் வெளியிட்ட நூலைக் காட்டி, 'அவரும் நம்மவரே' என மகிழ்வார் நம்மிடையே உளர். மொழியியலார் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்றிலர். ஏலாமியரைப் போற்றுதற்கு அவர் நமக்குச் சுற்றமாதல் வேண்டுமோ?

கி. மு. 550இல் மீதியரையும், பின்னர் இலீதியரையும், 539இல் பாபிலோனையும் பணியச் செய்தது பாரசீகர் படையே; அதில் ஐயமில்லை. வென்ற நிலத்தை ஆளுதற்கோ கணக்கும் எழுத்தும் வேண்டும். பெகிசுத்தூன் மலைப்பாறையில் தாரியசு தன் வெற்றிகளை மும்மொழியிற் பொறிப்பித்தபோது, பாரசீக மொழிக்கு முன்னரே ஏலாமியம் பொறிக்கப்பட்டது. பேர்சிப்பொலிசில் 1933இல் வெளிப்பட்ட ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளும் மிகப் பெரும்பாலும் அம்மொழியினவே. அவற்றிலே போர்க்களமும் முடிசூட்டும் இல்லை. வழிச்செல்வோருக்கு இத்துணை மா, தொழிலாளருக்கு இத்துணைத் தானியம், ஏலாமியத் தெய்வமாகிய உம்பானின் படையலுக்கு இவ்வளவு என்பனவே உள. மகப்பெற்ற தாய்க்கு மேலதிகப் படியும் உண்டு. ஆண்மகவாயின் பெண்மகவுக்கு அளிப்பதின் இருமடங்கு. (அவ்வோரவஞ்சனை அந்நாளிலும் இருந்தது!) இக்கணக்கெழுதிய எழுத்தர் இலரேல், சூசாவுக்கும் பேர்சிப்பொலிசுக்கும் இடையே அரசன் தூதன் ஒருவனும் பசியாறியிரான்.

பேர்சிப்பொலிசின் ஏலாமிய ஏடுகள் கி. மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு நின்றுவிடுகின்றன. அதன்பின் அரச கணக்கர் களிமண்ணைக் கைவிட்டுத் தோலில் அரமேய மொழியில் எழுதலாயினர். தோல் மட்கிப் போயிற்று. சூளையிலும் சுடப்படாத அக்களிமண்ணே இன்று நமக்குச் சான்றாய் எஞ்சியுள்ளது.