சேனைக்கிழங்கு மேல ஏன் இந்தக் கோவம்?

சேனைக்கிழங்குன்னு சொன்னாலே "ஐயோ, நாக்கு அரிக்குமே"ன்னு ஒதுங்கறவங்க நிறைய. பதிலுக்கு எல்லா வீட்லயும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்தான். கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு நடுவீட்டைக் கொடுத்துட்டு, வீட்டுக்காரரைத் திண்ணைக்கு அனுப்பின கதை இது :-)

(சில ஊர்ல இதையே கருணைக்கிழங்குன்னு சொல்றாங்க. நான் சொல்றது யானைப் பாதம் மாதிரி பெருசா இருக்குமே, அது.)

அரிப்பு பொய்யில்லை. கிழங்குக்குள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கு. தோல்லயும் தொண்டையிலயும் குத்தறது அதுதான். ஆனா நம்ம பாட்டிங்க இதுக்கு எப்பவோ வழி பண்ணிட்டாங்க. தோண்டின கிழங்கைக் கொஞ்ச நாள் போட்டு வைப்பாங்க. கையில எண்ணெய் தடவிக்கிட்டு ஈரம் படாம தோல் சீவுவாங்க. புளித்தண்ணியில வேக வைப்பாங்க. போதாததுக்கு இப்போ அரிப்பு குறைஞ்ச கஜேந்திரா ரகமும் பயிராகுது. அப்புறம் என்னங்க பயம்?

என் வறுவல் ரொம்ப எளிசு. அரை கிலோ கிழங்கை அரை அங்குல கனத்துல துண்டு போடுங்க. நெல்லிக்காய் அளவு புளி கரைச்ச தண்ணி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து முக்கால் பதம் வேக வைங்க. குழையக் கூடாது. தண்ணியை வடிச்சுக் கொட்டிடுங்க. மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன், மல்லித்தூள் 2 ஸ்பூன், அரை ஸ்பூன் சோம்பு, 4 பல் பூண்டு அரைச்சு, ஒரு ஸ்பூன் அரிசி மாவோட பிசிறி கால் மணி நேரம் ஊற விடுங்க. இரும்புக் கல்லுல நல்லெண்ணெய் விட்டு, சின்னத் தீயில ரெண்டு பக்கமும் சிவக்க விடுங்க. கடைசியா கறிவேப்பிலை. மீன் வறுவல் தோத்துப் போகும்!

ரெண்டு விஷயம் எனக்குப் பிடிக்கறதில்லை. கரம் மசாலாவைக் கொட்டினா கிழங்கோட வாசனையே போயிடும். எண்ணெய்ல முக்கிப் பொரிச்சா உள்ளே இருக்கற மாவுத்தன்மை போயிடும், சிப்ஸ்தான் மிஞ்சும்.

திருநெல்வேலிப் பக்கம் பொங்கப்படியில சேனைக்கும் சிறுகிழங்குக்கும் இடம் உண்டு. தையில ஒருநாள் மட்டும் மரியாதை பண்ணிட்டு மறந்தா எப்படி? இந்தப் பக்குவமெல்லாம் கைப்பழக்கமா வர்றது. ஒரு தலைமுறை வாங்கறதை நிறுத்தினா அடுத்த தலைமுறைக்கு அரிப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கும், ருசி தெரியாது.

இந்த வாரம் ரசம் வைக்கிற அன்னிக்கு ஒரு கால் கிலோ வாங்கிப் பாருங்களேன்.