விமானத்துக்கு அட்வான்ஸ் கட்டினவங்க கதை: உங்க பணம் எந்த வரிசையில நிக்குது?

ஒரு பொருளை புக் பண்ணி அட்வான்ஸ் கட்டிட்டா, பாதி வாங்கிட்ட மாதிரிதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு ஆடிட்டரா என் கருத்து வேற. பொருள் கைக்கு வர்ற வரைக்கும், நீங்க அந்த கம்பெனிக்கு வட்டியும் அடமானமும் இல்லாம கடன் கொடுத்தவர். கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்க, உங்க அட்வான்ஸ் 'பொறுப்புகள்' பக்கத்துலதான் உக்காந்திருக்கும்.

இதுக்கு அமெரிக்காவோட சின்ன விமான கம்பெனிகளை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. அங்கே குட்டி விமானங்களை 'கிட்'டா விக்கிறாங்க. தகடு, பாகங்கள், வரைபடம் எல்லாம் பெட்டியில வரும். வாங்கினவரே வீட்டு ஷெட்டுல வருஷக்கணக்கா ரிவெட் அடிச்சு விமானத்தைக் கட்டுவார். மாசச் சம்பளக்காரங்களும் சேமிச்சு சேமிச்சு வாங்குற கனவு அது.

முதல் கதை, கான்சாஸ் மாநிலத்துல நியூட்டன்ங்கிற ஊர்ல இருந்த பீட் ஏர்கிராஃப்ட். ஜிம் பீட் என்ற இன்ஜினியர் 1970-களின் தொடக்கத்துல பிடி-5 என்ற ஒத்தை ஆள் விமானத்தை அறிவிச்சார். பார்க்கவே குட்டி ஜெட் மாதிரி இருக்கும். 200 டாலர் கட்டினா உங்க இடம் ரிசர்வ். 5,000-க்கும் மேல ஆர்டர் குவிஞ்சது. சிக்கல் இன்ஜின்ல வந்துச்சு. ஒத்துவர்ற இன்ஜினைத் தேடியே வருஷங்கள் ஓடிச்சு. தேர்ந்தெடுத்த ஜெர்மன் இன்ஜின் கம்பெனியும் திவாலாச்சு. பல பேருக்கு இன்ஜின் இல்லாத பெட்டிதான் வந்து சேர்ந்தது. 1979-ல் பீட் கம்பெனியும் திவால். இனி 10 வருஷத்துக்கு விமானத்துக்கு டெபாசிட் வாங்க மாட்டேன்னு ஜிம் பீட் அமெரிக்க அரசோட வர்த்தக ஆணையத்துக்கு ஒத்துக்க வேண்டியதாச்சு.

1983-ல் வந்த 'ஆக்டோபஸி' ஜேம்ஸ் பாண்ட் படத்தோட ஆரம்பத்துல ஒரு குட்டி ஜெட் பறக்கும், ஞாபகம் இருக்கா? அது இந்த பிடி-5-ஓட ஜெட் வடிவம்தான். விமானம் உலகப் புகழ் அடைஞ்சப்போ, செஞ்ச கம்பெனியே இல்லை. பொருள் அருமையா இருக்கறதும் கம்பெனி நிலைச்சு நிக்கறதும் வேற வேற விஷயம்.

"ஆரம்ப கம்பெனி சார், அதான் கவுந்துடுச்சு. பழைய பிராண்டா பார்த்து கொடுத்தா பயமில்ல"ன்னு சொல்வீங்க. அதுக்குத்தான் ரெண்டாவது கதை.

ஆரிகன் மாநிலத்தின் வான்ஸ் ஏர்கிராஃப்ட். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் 1973-ல் ஆரம்பிச்சது. இவங்க கிட்டை வெச்சு கட்டிப் பறந்த விமானங்கள் மட்டும் 10,000-க்கும் மேல. கிட் விமான உலகத்துல இதைவிட நம்பகமான பேர் கிடையாது. கொரோனா சமயத்துல ஆர்டர் எக்கச்சக்கமா எகிறிச்சு. தேவையைச் சமாளிக்க, பாகங்கள்ல ஓட்டை போடற வேலையில ஒரு பகுதியை லேசர் வெட்டுக்கு மாத்தினாங்க. அந்த ஓட்டைகள்ல சிலது விரிசல் விட ஆரம்பிச்சது. ஏற்கெனவே அனுப்பின பாகங்களை மாத்திக் கொடுக்க வேண்டிய செலவு ஒரு பக்கம். மூலப்பொருள், சரக்குக் கூலி எல்லாம் ஏறினதுல, பழைய விலைக்கு எடுத்த ஆர்டர்களே நஷ்டமானது இன்னொரு பக்கம். நிறுவனரே தன் பணத்தைக் கடனா போட்டும் போதலை. 2023 டிசம்பர்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க.

கவனிங்க, இங்க யாரும் ஏமாத்தலை. ஆனா ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டினவங்க முன்னாடி ரெண்டே வழி. ஒண்ணு, ஏத்தின புது விலைக்கு ஒத்துக்கணும், கட்டின அட்வான்ஸ் அதுல கழியும். இல்லைன்னா, அடமானம் இல்லாத கடன்காரங்க வரிசையில போய் நிக்கணும். பெரும்பாலானவங்க புது விலைக்கு ஒத்துக்கிட்டாங்க. 2024-ல் கம்பெனி மீண்டு வந்துடுச்சு. நல்ல முடிவுதான். ஆனா அந்தக் கூடுதல் பணம் யார் பாக்கெட்ல இருந்து போச்சுன்னு யோசிங்க.

நம்ம ஊர்லயும் திவால் சட்டத்துல வரிசை உண்டு. முதல்ல திவால் நடைமுறைச் செலவு. அடுத்து தொழிலாளர் சம்பளமும் அடமானம் வெச்சுக் கடன் கொடுத்த பேங்க்கும். சாதாரணமா அட்வான்ஸ் கட்டினவர் பின்னாடிதான். வீடு வாங்கறவங்களுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் கை கொடுக்குது. ரேரா சட்டப்படி, பதிவு செஞ்ச ஒப்பந்தம் இல்லாம பில்டர் 10 சதவீதத்துக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாது. கார், பைக், கோர்ஸ் ஃபீஸ், ஃபர்னிச்சருக்கு அப்படி ஒரு வேலி இல்லை.

அதுக்காக அட்வான்ஸே கட்டாதீங்கன்னு நான் சொல்லலை. அட்வான்ஸ் இல்லைன்னா இந்தச் சின்ன கம்பெனிகள்ல பாதி பொறந்தே இருக்காது. நான் சொல்றது மூணு விஷயம்தான்.

ஒண்ணு: கட்டற தொகை முழுசா போனாலும் உங்க இஎம்ஐ பவுன்ஸ் ஆகாத அளவுக்கு மட்டும் கட்டுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

ரெண்டு: டெலிவரி தேதி, ரீஃபண்ட் விதி, விலை ஏறுமா இல்லையா, இது மூணும் எழுத்துல இருக்கணும். முடிஞ்சா வேலை நடக்க நடக்க தவணையா கொடுங்க.

மூணு: "முழுசா இப்பவே கட்டினா தள்ளுபடி"ன்னா, அந்தத் தள்ளுபடியை வட்டியா கணக்கு போடுங்க. முகம் தெரியாத ஒருத்தருக்கு அந்த வட்டிக்கு, பாண்டு பேப்பர் இல்லாம கடன் கொடுப்பீங்களா? மாட்டீங்கன்னா, தள்ளுபடியை விட்டுடுங்க. பணம் உங்க அக்கவுண்ட்லயே இருக்கட்டும்.