ஐஸ் கட்டிக்கு ஒரு வேலி

நயாகரா நீர்வீழ்ச்சி ஒரு முறை நின்றுபோனது!

கதை அல்ல. நடந்த செய்தி.

1848-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி இரவு, நீர்வீழ்ச்சியின் இரைச்சல் அடங்கியது. இரவும் பகலும் அந்த இரைச்சலைக் கேட்டுப் பழகிய ஜனங்கள், அது நின்றதும் தூக்கம் கலைந்து எழுந்தார்கள் என்று சொல்வது உண்டு.

பொழுது விடிந்தது. ஆற்றுக்கு ஓடிப் பார்த்தார்கள். வெறும் பாறை! ஆற்றுத் தண்ணீரால் ஓடிய மாவு ஆலைகள் நின்றுவிட்டன. துணிந்தவர்கள் ஆற்றுக்குள் இறங்கி நடந்தார்கள். 1812-ம் ஆண்டில் தொடங்கிய யுத்தத்தில் விழுந்த துப்பாக்கிகளையும் கத்திகளையும் பொறுக்கி எடுத்தார்கள். பயந்தவர்கள், “உலகம் அழியப்போகிறது” என்று சர்ச்சுக்குப் போய் ஜெபம் செய்தார்கள்.

31-ந் தேதி இரவு, தண்ணீர் பெரும் இரைச்சலோடு திரும்பி வந்தது.

என்ன நடந்தது?

நயாகரா ஆறு ஈரி ஏரியில் இருந்து புறப்படுகிறது. ஏரியின் ஒரு கரை அமெரிக்கா. மறு கரை கனடா. குளிர்காலத்தில் ஏரியின் மேல் ஐஸ் மூடிக்கொள்ளும். அன்று பலமான காற்று அடித்தது. உடைந்த ஐஸ் பாளங்களைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து ஆற்றின் வாயில் செருகிவிட்டது. புட்டிக்குத் தக்கை போட்டதுபோல!

பாலம் சரிந்தது

அந்த ஐஸ் 1938-ம் ஆண்டு ஜனவரியில் வேறு விதமாக விளையாடியது.

ஏரியில் இருந்து வந்த ஐஸ், நீர்வீழ்ச்சியில் விழுந்து கீழே மலைபோல் குவிந்தது. அங்கே ஓர் இரும்புப் பாலம் இருந்தது. புதுமணத் தம்பதிகள் வந்து போகும் இடம் ஆகையால், “தேனிலவுப் பாலம்” என்று பெயர். அதன் கால்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தன. ஐஸ் அந்தக் கால்களை நெருக்கியது. 27-ந் தேதி பாலம் அப்படியே சரிந்து விழுந்தது. முன்னதாகவே போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் யாரும் சாகவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் இருந்த மின்சார நிலையத்துக்குள்ளும் ஐஸ் புகுந்தது.

1941-ல் புதிய பாலம் திறந்தார்கள். அதன் கால்களை ஐஸ் எட்டாத உயரத்தில் அமைத்தார்கள்.

தூள் ஐஸ்

பாளம் பாளமாக வரும் ஐஸ் கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஐஸும் ஒன்று உண்டு. அதுதான் பொல்லாதது.

நின்ற தண்ணீரில் ஐஸ் மேலே தகடுபோல் பிடிக்கும். புரண்டு ஓடும் ஆற்றில் அப்படி அல்ல. மேகம் இல்லாத கடும் குளிர் இரவில், தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும். எவ்வளவு கீழே? ஒரு டிகிரியில் நூறில் சில பங்குதான்! அது போதும். தண்ணீர் முழுவதும் சின்னஞ் சிறு ஐஸ் வில்லைகள் பிறந்துவிடும். இதைத் தூள் ஐஸ் என்று சொல்லலாம்.

இது எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் நுழையும் வாயிலில், குப்பையைத் தடுக்க இரும்புக் கம்பி அடைப்பு இருக்கும். அதில் அப்பிக்கொண்டு, சில மணி நேரத்தில் வாயிலையே அடைத்துவிடும். ஆறு நிறையத் தண்ணீர் ஓடும். மின்சாரச் சக்கரம் சுற்றத் தண்ணீர் இராது!

இதற்கு மருந்து என்ன? ஐஸேதான்!

ஆற்றின் மேல் ஐஸ் மூடி ஒன்று உறுதியாகப் பிடித்துவிட்டால், அது கம்பளிபோல் ஆகிவிடும். குளிர்ந்த காற்று தண்ணீரில் படாது. தூள் ஐஸும் பிறக்காது. ஆனால் தண்ணீர் வேகமாக ஓடினால் மூடி பிடிக்காது. வருகிற பாளங்கள் அடியில் புகுந்து போய்விடும். ஆகையால் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், மூடி பிடிக்கும் நாட்களில் அணையில் திறந்துவிடும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். பிடித்த பிறகு கூட்டுகிறார்கள்.

எந்த நாளில் குறைப்பது? எவ்வளவு குறைப்பது? இதை ஊகித்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும். இதற்காகவே குளிர் அறைக்குள் வாய்க்கால் கட்டி, அதில் ஐஸை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். அமெரிக்க ராணுவம் 1961-ல் ஹானோவர் என்ற ஊரில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம் இதில் பெயர்பெற்றது.

மிதக்கும் வேலி

நயாகராவில் 1964-ல் இருந்து ஐஸுக்கு வேலி போடுகிறார்கள். மர உத்தரங்களை இரும்பு வடத்தில் கோத்து, ஏரியின் வாயில் மிதக்கவிட்டார்கள். நீளம் ஏறத்தாழ 1¾ மைல். 1997-ல் மரத்துக்குப் பதிலாக இரும்பு உருளைகள் வந்தன.

இது அணை அல்ல. தண்ணீர் அடியில் தாராளமாகப் போகும். ஐஸ் மட்டும் பின்னால் தங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, மூடியாகப் பிடிக்கும். பெரும்புயலில் ஐஸ் வேலிக்கு மேல் ஏறி வந்துவிடுவதும் உண்டு. அப்போது வேலி அமிழ்ந்து இடம் கொடுக்கும். புயல் ஓய்ந்ததும் மீண்டும் மிதக்கும்.

பக்கத்தில் உள்ள பபலோ நகர மக்கள் புகார் சொன்னார்கள். “வேலியால் ஐஸ் கரையத் தாமதம் ஆகிறது. எங்கள் ஊரில் குளிர் நீடிக்கிறது” என்றார்கள். ஜன்னலைத் திறக்க ஏப்ரலை எதிர்பார்த்து இருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்! அந்தப் புகாரைச் சிரித்து ஒதுக்கவில்லை. நிபுணர் குழு ஆராய்ந்து 1983-ல் அறிக்கை கொடுத்தது. வேலியால் குறிப்பிடத்தக்க குளிர் ஏற்படவில்லை என்று அறிக்கை கூறியது. இதுதான் சரியான முறை என்று நாம் கருதுகிறோம். மின்சாரம் வேண்டும் என்பதற்காக ஊராரின் வாயை அடைக்கக் கூடாது. ஊரார் சொல்கிறார்கள் என்பதற்காக வேலியை அறுத்துவிடவும் கூடாது.

வேலி இல்லாத இடத்தில் என்ன ஆகும்? 1992-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி காலை, அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தின் தலைநகரான மாண்ட்பீலியரில் ஐஸ் ஆற்றை அடைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் கடைவீதி வெள்ளத்தில் மூழ்கியது. சாமான்களை மாடிக்கு ஏற்றக்கூட நேரம் இல்லை!

ஐஸ் அடைத்த ஆண்டில் எல்லோரும் ஆராய்ச்சி வேண்டும் என்பார்கள். நாலு வருஷம் அடைக்காவிட்டால், “எதற்கு இந்தச் செலவு?” என்பார்கள். 2023-24 குளிர்காலத்தில் அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் ஐஸ் மிகவும் குறைவு. இதைக் காட்டி அளக்கும் வேலையைச் சுருக்கினால் அது தவறு. நன்றாக உறைந்த ஏரியைவிட, உறைந்தும் உடைந்தும் கிடக்கும் ஏரியில்தான் காற்றுக்குத் தள்ள ஐஸ் கிடைக்கும்.

ஏரித் தண்ணீர் 4 டிகிரிக்கு இறங்கியதும், அல்லது டிசம்பர் 16-ந் தேதி, இதில் எது முந்துகிறதோ அப்போது வேலி போடலாம். ஏப்ரல் 1-ந் தேதிக்குள் எடுத்துவிட வேண்டும். ஏரியின் கிழக்குப் பகுதியில் 250 சதுர மைலுக்கு மேல் ஐஸ் இருந்தால் மட்டும் பொறுத்திருக்கலாம். இது இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட விதி. அந்த 250-ஐ யாராவது அளந்து சொன்னால்தான் வேலியை அவிழ்க்க முடியும்.