நம்பர் கடையும் நம் மூளையும்

புதன், சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் மாலை ஏழு மணி தாண்டியதும் நம்மவர் வீடுகளில் நடைபெறும் வேடிக்கையைக் காணாதார் இலர். பட்டணத்து அடுக்குமாடியாயினும் தோட்டத்து லயமாயினும் காட்சி ஒன்றே. நாம் எடுத்த எண் 4718. குலுக்கலில் வந்ததோ 4719. "ஒன்றிலே தப்பிவிட்டதே!" என்று ஓர் ஓலம் எழுகின்றது. ஒன்றில் தப்பினால் என்ன, ஒன்பதாயிரத்தில் தப்பினால் என்ன? குலுக்கும் பொறிக்கு 4719-உம் ஒன்றுதான், 0003-உம் ஒன்றுதான். ஆயினும் அவ்வோலத்தில் துக்கம் மட்டுமா இருக்கின்றது? ஒருவகைக் கிளர்ச்சியும் கலந்திருக்கின்றது. அடுத்த குலுக்கலுக்கு ஆளை இழுத்துச் செல்வது அக்கிளர்ச்சியே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 0000 முதல் 9999 வரை எண்கள் பத்தாயிரம். பரிசு பெறுவன 23. மலேசியாவில் 'பெரியது' என்னும் வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதற் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்துக்குத் தலைக்கு 180, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலைக்கு 60. ஆகவே எல்லா எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டும் மகாராஜன் ஒருவன் இருந்தால், 10,000 வெள்ளியைக் கொடுத்து 6,400 வெள்ளியை வாங்கி வருவான். சிங்கப்பூரில் அதே மகாராஜனுக்கு 6,590 வெள்ளி கிடைக்கும். குலுக்கலுக்குப் பத்து வெள்ளி வீதம் வாரம் மும்முறை கட்டும் தொழிலாளி ஆண்டுக்கு 1,560 வெள்ளி கட்டுகின்றான். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு கடைக்காரனின் கல்லாவில் போய் விழுகின்றது. தோட்டத்துக் கிராணி வேலையில் இருக்கும் நமக்கு, முன்பணம் கேட்டு வருவோர் எந்தெந்தக் கிழமைகளில் வருகின்றனர் என்பது நன்றாகவே தெரியும்.

இக்கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பின் ஏன் விடுவதில்லை? இங்குதான் நம் பெரியோர்கள் குறுக்கே வந்து நிற்கின்றனர். ஒரு கூட்டத்தார், எல்லாம் ஆண்டவன் கொடுப்பினை என்று சொல்லிக் கோயில் மரத்தடியில் எண் தேடுகின்றனர். கனவில் கண்ட பாம்புக்கு ஓர் எண், சாலையில் நசுங்கிய காரின் பலகையில் ஓர் எண், சாமியாடியின் வாயிலிருந்து ஓர் எண்! வரப்போகும் எண் அச்சாமியாடிக்குத் தெரியுமாயின், அவர் நம்மிடம் தட்சணைக்குக் கை நீட்டுவானேன்? மற்றொரு கூட்டத்தார் ஆங்கிலங் கற்ற கனவான்கள். "கூலிகளுக்கு மனவுறுதி இல்லை" என்று இவர்கள் தீர்ப்புக் கூறிவிட்டு, தம் கைப்பேசியில் பங்குவிலையையும் மின்னாணயத்தையும் நிமிடத்துக்கொரு தரம் தடவிப் பார்க்கின்றனர். இவ்விரு கூட்டத்தாரும் மூளையைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் என்பதே நமது குற்றச்சாட்டு.

1954-ஆம் ஆண்டில், கனடா தேசத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தினர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அக்கம்பி வழியே சிறு மின்சாரம் பாயும். எலி அழுத்தியது, மீண்டும் அழுத்தியது, ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. பிற்காலத்தில், மூளையின் இப்பாதைகளில் தூது செல்லும் முக்கியமான இரசாயனம் டோப்பமின் என்று கண்டனர். மூளையில் அதன் வேலையை 1950-களின் இறுதியில் ஆராய்ந்த சுவீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சனுக்கு 2000-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

டோப்பமினை 'இன்பச் சாறு' என்று பலர் எழுதுகின்றனர். அது பிழை. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பார் குரங்குகளை வைத்து நடத்திய சோதனைகள் உண்மையைக் காட்டின. எதிர்பாராது பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோப்பமின் நரம்பணுக்கள் துள்ளின. ஒரு விளக்கு எரிந்த பின்னரே சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், விளக்கைக் கண்டபோதே அவை துள்ளின. சாறு வந்தபோது சும்மா இருந்தன. வரவேண்டிய சாறு வராவிடில் தம் வழக்கமான அளவினின்றும் தாழ்ந்தன. ஆகவே இவ்விரசாயனம் பெற்றதைச் சுவைப்பதைவிட, வரப்போவதை எதிர்நோக்குவதையும், எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தையுமே பெரிதும் அளக்கின்றது. வேண்டுதல் வேறு, விரும்பிச் சுவைத்தல் வேறு என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கென்ட் பெரிட்ஜ் பிரித்துக் காட்டினார். சூதாடிக்கு வேண்டுதல் மலைபோல் வளர்கின்றது, சுவையோ வளர்வதில்லை. நம்பர் கடைப் பலகையின் நிறமே அவனுக்கு விளக்கு.

பரிசு எப்போது வரும் என்று தெரியாதிருப்பது இதைவிடப் பெரிய கண்ணி. ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டியது இதுவே: தானியம் ஒழுங்காக விழும் பெட்டியைவிட, எப்போதோ ஒருமுறை விழும் பெட்டியைப் புறா விடாப்பிடியாகக் கொத்தும், தானியம் நின்ற பின்னும் நெடுநேரம் கொத்தும். எப்போதோ வரும் ஆறுதல் பரிசு 60 வெள்ளி, புறாவுக்கு விழுந்த தானியம். இன்றைய கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள வரும் படத்துணுக்குகளும் இதே வித்தையே. பத்துக்கு ஒன்று நன்றாயிருக்கும், எது என்று தெரியாது.

மனவுறுதி பேசும் கனவான்களுக்கு ஒரு சான்று. பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய்க்கு, டோப்பமினைப் போலவே வேலை செய்யும் மருந்துகள் உண்டு. அவற்றை உண்டவர்களில் சிலர், முன்பு ஒருநாளும் சூதாடாதவர்கள், சூதாட்ட வெறிக்கு ஆளாயினர். மருந்தைக் குறைத்ததும் நிறுத்தியதும் பலர் மீண்டனர். அவர்களது ஒழுக்கமா மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போயிற்று?

இனி 'டோப்பமின் விரதம்' விற்கும் புதுச் சாமியார்களும் புறப்பட்டிருக்கின்றனர். டோப்பமின் என்ன, கழுவிக் களையும் நஞ்சா? 1995-இல், டோப்பமின் சுரக்கவே இயலாத எலிகளை அமெரிக்காவில் உண்டாக்கினர். மருந்து கொடாவிடில் அவை எதிரே உணவிருந்தும் உண்ணாமல் பட்டினி கிடந்து மடிந்தன. விரதம் வேண்டுவது இரசாயனத்துக்கன்று, அதைக் கிளறும் விளக்குக்கு.

இதை நம் முன்னோர் விஞ்ஞானம் இன்றியே அறிந்திருந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்தே மறியல் செய்தனர். "மனத்தை அடக்கு" என்று உபதேசித்துவிட்டு அவர்கள் வீடு திரும்பவில்லை. வியட்நாம் போரில் அபினிச் சத்துக்கு அடிமையான அமெரிக்கப் போர்வீரர்களை லீ ராபின்ஸ் அம்மையார் 1970-களில் ஆராய்ந்தபோது, ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே எனக் கண்டார். இடம் மாறிற்று, விளக்குகள் அணைந்தன.

ஆனால் இன்று கடை சட்டைப்பைக்குள் இருக்கின்றது. ஆகையால் மறியலும் அங்கிருந்தே தொடங்கவேண்டும். குலுக்கல் நாளில் கடை இல்லாத வழியாக வீடு திரும்புக. பந்தயச் செயலியை அழித்துவிடுக. சம்பளம் ஏறிய அன்றே பிள்ளைகளின் படிப்புப் பணம் வேறு கணக்குக்குத் தானாகச் செல்லும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுக. முதற் சில வாரங்கள் எரிச்சலும் வெறுமையும் தோன்றும். அது மூளை பழைய அளவுக்குத் திரும்பும் காலம், அப்போது மனைவி மக்கள் ஏசுதல் கூடாது. சம்சுவை நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் மட்டும் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது, வலிப்புக் காணும், மருத்துவரை நாடவேண்டும். சிங்கப்பூரில் சூதாட்ட விடுதிக்குள் ஒருவர் நுழையாதபடி தடை கேட்டுக் குடும்பத்தாரே விண்ணப்பிக்கலாம். வெட்கப்பட்டு விண்ணப்பிக்காதிருப்பவர் பலர்.

வெறுமையான மாலைக்கு மாற்றும் வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பது வரை பந்தாட்டமோ, சிலம்பமோ, பிள்ளைகளின் பாடமோ நடத்தத் தோட்டத்து இளைஞர் மன்றங்களுக்கும் தொழிற்சங்கக் கிளைகளுக்கும் என்ன தடை? கோயில் நிர்வாகத்தாருக்கு ஒன்று கேட்கின்றோம். கோயில் எல்லைக்குள் எண் கேட்பதும் எண் சொல்வதும் கூடாதென்று ஒரு பலகை எழுதி மாட்டுவதற்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் ஆகாது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இத்தீர்மானத்தை முதலில் கொண்டுவரும் கோயில் எதுவென்று பெயரோடு எழுதியனுப்புமாறு வாசகர்களை வேண்டுகின்றோம்.