டிரெய்லர் டயர்: வரி குறைந்தது, வயதைப் பார்த்தீர்களா?

மாங்காய்ப் பருவத்தில் காரிமங்கலம் பக்கம் ஒரு தோப்பு வாசலில் டிராக்டர் டிரெய்லர் ஒன்று சாய்ந்து நின்றது. இடது டயர் பக்கவாட்டில் கிழிந்து, பாதிச் சரக்கு சாலையில் கொட்டிக் கிடந்தது. "பட்டன் புதுசாத்தானே இருக்கு சார், எப்படி வெடிச்சது?" என்று கேட்டார் உரிமையாளர். பட்டன் புதியதுதான். ஆனால் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண் 1415. அதாவது, 2015-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் தயாரான லாரி டயர். அதன் மேல் ரீட்ரேட் செய்திருந்தார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், டியூப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ரூ.10,000 அடிப்படை விலையுள்ள டயர் 11,800-லிருந்து 10,500-க்கு வந்துவிட்டது. தானே ஏற்றி இறக்கும் வேளாண் டிரெய்லருக்கும் 12-லிருந்து 5 ஆனது. ஆனால், நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் ஓடுவது லாரி வகை டயர். அதற்கு 28-லிருந்து 18 வரைதான் இறங்கியது. மாங்காயும் தக்காளியும் கரும்பும் சுமக்கும் சக்கரத்துக்குக் கூடுதல் வரி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மிச்சமாகும் பணத்தில் டிராக்டரின் பின் டயரை மாற்றிவிட்டு, டிரெய்லருக்குப் பழைய டயரைத் தேடுவதுதான் நடக்கிறது.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை; கிடந்து சாகிறது. வருடத்தில் பல மாதம் புளியமரத்தடியில் ஒரே இடத்தில் நிற்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கி, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. காற்றும் மெல்ல இறங்குகிறது. பிறகு ஒரே நாளில் முழுச் சுமை ஏற்றி, ஜூன் வெயிலில் தார்ச்சாலையில் ஓட்டுகிறோம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிந்து, உள்ளே சூடேறி, நூல் அடுக்கு பிரிகிறது. மேலே பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பயனில்லை. ஆறு வருடம் தாண்டிய டயரை, ரீட்ரேட் செய்ததானாலும், நான் சுமைக்குப் பரிந்துரைப்பதில்லை.

வாங்கும்போது சுமைக் கணக்கு முதலில். இரண்டு சக்கர டிரெய்லரின் காலி எடை ஒன்றரை டன், சரக்கு நான்கு டன் என்று வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு டிராக்டர் கொக்கியில் விழுந்தாலும், ஒவ்வொரு டயருக்கும் 2,200 கிலோ வருகிறது. டயரில் உள்ள சுமைக் குறியீடு 136 என்றால் 2,240 கிலோதான் தாங்கும். வரப்பு ஏறி இறங்கும்போது சுமை ஒரு பக்கமாகச் சாயும், அப்போது போதாது. 140 என்றால் 2,500 கிலோ. அதையாவது கேளுங்கள். குறியீடு இல்லாத டயரில் 'பிஆர்' எண்ணைப் பாருங்கள். பழைய டயரில் இருந்ததைவிடக் குறைவான எண்ணை வாங்கக் கூடாது. அருகில் இருக்கும் எழுத்து வேகத்துக்கு: ஏ6 என்றால் மணிக்கு 30 கி.மீ., ஏ8 என்றால் 40. தொப்பூர் கணவாய் இறங்கும் வண்டிக்கு இந்த எழுத்து முக்கியம். மாட்டு வண்டிக்கான 'ஏடிவி' டயர் விலை குறைவு என்று டிராக்டர் டிரெய்லரில் மாட்ட வேண்டாம்.

ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து, ஒரே வகையாக மாற்றுங்கள். ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று கலந்தால் சுமை சமமாகப் பிரியாது. ரசீதில் டயரின் வகையும் வரி விகிதமும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். வயலில் டிராக்டர் பின் டயருக்கு 12 முதல் 16 பவுண்டு போதும். டிரெய்லர் டயருக்கு அதைப்போலப் பல மடங்கு தேவை, அளவு டயரிலேயே அச்சிட்டிருக்கும். பருவம் முடிந்ததும் சரக்கை இறக்கி, அச்சுக்குக் கல் கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, சாக்கு போட்டு மூடுங்கள்.