மீண்டும் வளர்ந்தால் மறைக்க வேண்டாம்

தொண்டைக்குள் சதை தொங்குகிறது, எச்சிலில் இரத்தம் வருகிறது என்று இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருவோரிடம், கண்மாயில் குளித்ததுண்டா என்று கேட்பது எங்கள் வழக்கம். மூக்கினுள் வேர்கொண்டு உள்நாக்கின் பின்னே இறங்கும், வெண்புள்ளிகள் தூவிய அச்செந்நிறச் சதை பெரும்பாலும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயே.

1900இல் அர்ஜென்டினாவில் சீபர் விவரித்த இக்கிருமி நெடுங்காலம் பூஞ்சையாகக் கருதப்பட்டது. மீன்களைத் தாக்கும் நீர்வாழ் ஒட்டுண்ணிகளின் உறவினம் என்பதை மரபணு ஆய்வே பின்னர் காட்டியது. ஆய்வகத்தில் இதை வளர்த்தறிய இயலாததால், சதையை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதி செய்கிறோம். கண்ணுக்கே தெரிவதற்குப் பரிசோதனைச் செலவு ஏன் என்போர் உண்டு. வேறு கட்டிகளும் இதே தோற்றத்தில் வரக்கூடும்.

சதையை அடியோடு அகற்றி, அது பற்றியிருந்த இடத்தை மின்சூட்டால் கருக்குவதே முதன்மைச் சிகிச்சை. சிலருக்கு, இரத்தப் பரிசோதனைக்குப் பின், டாப்சோன் மாத்திரையைப் பல மாதங்கள் தருகிறோம். இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு மீண்டும் வளர்கிறது. இதனை அறுவைக்கு முன்பே தெளிவாகச் சொல்லத் தவறுவது மருத்துவர்களாகிய எங்கள் குறை. அறியாத நோயாளி, தம் கவனக்குறைவென்று நாணி, மூச்சடைக்கும்வரை வராதிருக்கிறார். கடுகளவில் எளிதில் நீக்கக்கூடியதை, மிகுந்த இரத்தப்போக்கிற்கிடையே அகற்ற நேர்கிறது.

வீட்டாரே, இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதாக அறியப்படவில்லை. தட்டையும் தம்ளரையும் பிரித்து வைத்து அவரை வருத்தாதீர்கள். கண்மாய்க் குளியலைத் தவிர்த்தல் போதும். மூக்கில் மீண்டும் இரத்தம் கசிந்தால், குறித்த நாளுக்குக் காத்திராமல் அழைத்து வாருங்கள்.